ஒரு மிஸ்டு கால்கூட இல்லை

டிரைவருக்குப் போன் கம்பெனியின் மேல் இருந்த கோபம் ஊரில் எல்லோருக்கும் இருக்கிற கோபம் இல்லை. மற்றவர்கள் நெட் நகரவில்லை என்பார்கள், பாதிப் பேச்சில் கட்டாகிறது என்பார்கள், வாய் வலிக்கத் திட்டிவிட்டு மறுமாதமும் அதே கம்பெனிக்கே ரீசார்ஜ் செய்வார்கள். டிரைவருக்கு வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். 'ஆமாம், அன்றைக்கு மத்தியானம் அந்த ஆஸ்பத்திரியில் எங்கள் சிக்னல் இல்லை.' இதை அவர்கள் சொல்லிவிட்டால் மகள் அவரோடு பேசுவாள். சொல்லாதவரைக்கும் பேசமாட்டாள்.

மனைவி இறந்த அன்று மகள் ஒரு ராத்திரி ரயில் தூரத்தில் இருந்தாள். அடக்கத்துக்கு வந்து சேர்ந்தவள், அழுகை ஓய்ந்ததும் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"ஏன்பா எனக்கு முன்னாடியே சொல்லலை?"

"கூப்பிட்டேனேம்மா. விடாம கூப்பிட்டேன். லைனே போகலை."

அவள் தன் போனை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "எங்க கூப்பிட்ட? ஒரு மிஸ்டு கால்கூட இல்லையே."

போகாத கால் எப்படிப் போய்ச் சேர்ந்த இடத்தில் மிஸ்டு காலாக விழும்? இது டிரைவருக்கு அப்போது வாயில் வரவில்லை. தன் போனைத் தடவி, போட்ட கால்களைத் தேடினார். அது ஒரு பழைய போன். கடைசியாகப் போட்ட கொஞ்சம் கால்களைத்தான் நினைவில் வைத்திருக்கும். செத்த செய்தியை உறவுக்காரர்களுக்கு ஒருவர் விடாமல் சொன்னாரே, அந்தக் கால்களெல்லாம் சேர்ந்து, சாகக் கிடக்கிறாள் என்று மகளுக்குப் போட்ட கால்களைத் தள்ளி வெளியே விட்டிருந்தன. கொடுமையைப் பாருங்கள்!

மகளையும் குறை சொல்வதற்கில்லை. ஒரு வருடத்துக்கு முன் அம்மாவுக்கு நடந்த ஆபரேஷனை, பிரசவ நேரத்தில் பிள்ளையைப் பதற வைக்க வேண்டாம் என்று புருஷனும் பெண்டாட்டியுமாகச் சேர்ந்து மறைத்தவர்கள்தானே? ஒரு தடவை மறைத்தவன் மறுதடவையும் மறைத்திருப்பான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். ஊருக்குத் திரும்பியதும் அப்பாவின் எண்ணை பிளாக் செய்தாள். மாப்பிள்ளை மட்டும் எப்போதாவது கூப்பிட்டு, "கொஞ்சம் பொறுங்க மாமா, அவ கோபம் ஆறட்டும்" என்பார். ஆறுகிற கோபமா அது? நாளாக ஆக இறுகிக்கொண்டு போனது.

டிரைவர் முதலில் கம்பெனியின் ஷோரூமுக்குப் போனார். சீருடை போட்ட பையன் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, "அன்னைக்கு உங்க நம்பர்லருந்து அந்த நேரத்துல காலே போகலையே சார்" என்றான்.

"அதைத்தானேப்பா நானும் சொல்றேன். போகலை. ஏன் போகலை?"

"போகாத காலுக்கு எங்ககிட்ட ரெக்கார்டு இருக்காது சார். காசு எடுத்தாத்தான் கணக்கு."

கஸ்டமர் கேரில் ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்று அலைக்கழித்தார்கள். கடைசியில் ஒருத்தி வந்து புகாரைப் பதிவு செய்தாள். மறுநாளே, 'உங்கள் புகார் திருப்திகரமாகத் தீர்க்கப்பட்டது, எங்களுக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள்?' என்று மெசேஜ் வந்தது. செவிடன் காதில் ஊதின சங்கு என்பார்கள். இந்தச் செவிடன் சங்கு ஊதினவனிடமே மார்க்கும் கேட்கிறான்! இந்தக் கம்பெனிகளைத் தட்டிக் கேட்பதற்கென்று அரசாங்கம் வைத்திருந்த அலுவலகத்துக்கும் ஏறி இறங்கினார். முப்பது நாளுக்குள் வந்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறதாம். முதல் முப்பது நாளும் டிரைவர் கட்டிலை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அதற்கு அங்கே விதி இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு பெண் கூப்பிட்டாள். கம்பெனி வாடிக்கையாளர்களை நேரில் கூப்பிட்டுக் கருத்துக் கேட்கிறதாம். மனதில் இருப்பதையெல்லாம் ஒளிக்காமல் சொல்லலாமாம். பெரிய அதிகாரிகளே கேட்பார்களாம். "வர முடியுமா சார்?"

"வராம?" என்றார் டிரைவர். தானாக வந்து கதவு திறக்கிறது என்றே நம்பினார். பேருந்து ஓட்டிய காலத்தில்கூடச் செய்யாத அளவுக்கு அன்றைக்குச் சட்டையை இஸ்திரி போட்டார்.

வெளிச்சமான அறை. நடுவே நீள மேஜை, தட்டில் பிஸ்கட், ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் அதிகாரிகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பேட்ஜ் போட்ட பெண் முதலிலேயே சொல்லிவிட்டாள். நாம் அவர்களைப் பார்க்க முடியாது, அவர்கள் நம்மைப் பார்க்கலாம். பேசுவதைப் பதிவு செய்து கம்பெனி பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஒரு தாளை நீட்டினாள். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். பதிவு செய்வார்கள் என்றதும் டிரைவருக்குச் சந்தோஷம். அவருக்கு வேண்டியதே அதுதானே?

பியூட்டி பார்லர் வைத்திருக்கும் ஒரு அம்மாள், போனில் கேமரா சரியில்லை, தன் முகம் மாவு பூசின மாதிரி விழுகிறது என்று குறைப்பட்டாள். கல்லூரிப் பையன் ஒருவன், வேகம் வேகம் என்று விளம்பரம் செய்துவிட்டு மாதக் கடைசியில் நத்தை மாதிரி ஆக்கிவிடுகிறார்கள் என்று கொதித்தான். தடித்த கண்ணாடி போட்ட ஒருவர், சொந்தத் தம்பியைத் தாங்குவது மாதிரி கம்பெனியைத் தாங்கினார். "வேற கம்பெனிக்குப் போய்ப் பாருங்க, அப்பத் தெரியும் இவங்க அருமை!" பேட்ஜ்காரி எல்லாவற்றுக்கும் தலையாட்டிக் குறித்துக்கொண்டாள்.

"சார், நீங்க? உங்களுக்கு நடந்த ரொம்ப மோசமான அனுபவம் ஒண்ணு சொல்லுங்க."

டிரைவர் சொன்னார். யாரிடமும் சொல்லாததையும் சேர்த்துச் சொன்னார்.

மத்தியானம் டாக்டர் அவரை வெளியே கூப்பிட்டு, சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். உள்ளே மனைவி, "அவகிட்ட ஒரு வார்த்தை பேசணும்" என்றாள். வார்டில் சிக்னல் இல்லை. ஓடினார். மாடிப்படியில் இல்லை, வராந்தாக் கோடியில் இல்லை. அங்கே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் ஏறி, உயரத்தில் இருந்த ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் போட்டுப் பார்த்தார். மறுபடி போட்டார். ஒன்றுமே கேட்கவில்லை. அதற்கு மேல் மனைவியைத் தனியே விடப் பயந்து திரும்பி ஓடினார். அவள் கண் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. என்ன செய்வார் மனிதர்? செத்த போனை அவள் காதில் வைத்து, "லைன்ல இருக்கா, பேசு" என்றார்.

அவள் பேசினாள். "கோவத்தைக் குறைச்சுக்கோ, சாப்பாட்டைக் குறைக்காத. அப்பாவைப் பாத்துக்கோ" என்றாள். சற்று நேரம் காதைக் கொடுத்துக் கேட்டாள். பிறகு, "அழறா போல, சத்தமே காணோம்" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு போய்விட்டாள்.

அறையில் ஒருவரும் பிஸ்கட்டைத் தொடவில்லை. பார்லர் அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கல்லூரிப் பையன் மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"பக்கத்துல வேற யார்கிட்டயாவது போன் வாங்கிக் கூப்பிட்டிருக்கலாமே சார்? வேற கம்பெனி சிம் இருந்திருக்குமே?"

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை பாவம். ஆனால் டிரைவருக்கு நெஞ்சில் அடித்த மாதிரி இருந்தது. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். அவர் பதறினார், சிதறியது. பக்கத்துப் படுக்கைக்காரர் சிரித்துச் சிரித்துப் போனில் பேசிக்கொண்டிருந்ததை அவர் பார்க்கவும் செய்தார். கேட்கத் தோன்றவில்லை. இதை நினைக்காத நாளில்லை, இருந்தாலும் இன்னொருத்தர் வாயால் கேட்டது அன்றைக்குத்தான்.

"தோணலைப்பா" என்றார்.

கூட்டம் முடிந்ததும் பேட்ஜ்காரியிடம் தனியே போனார். "அம்மா, நான் நஷ்டஈடு எதுவும் கேட்கலை. அன்னைக்கு அங்க சிக்னல் இல்லைன்னு மட்டும் உங்க கம்பெனி என் மககிட்ட ஒரு வார்த்தை சொன்னா போதும். போன்ல சொன்னாக்கூடப் போதும்."

அவளுக்கு உண்மையிலேயே கண் கலங்கியிருந்தது. "சார், தப்பா நினைக்காதீங்க. நாங்க கருத்துதான் கேக்குறோம். என்ன நடந்துச்சு, நடக்கலைங்கறதெல்லாம் எங்க வேலை இல்லை சார். ஆனா உங்க கதை மேல போகும். கண்டிப்பாப் போகும்."

போகும்போது எல்லோருக்கும் ஆளுக்கொரு ஹெட்போன் கொடுத்தார்கள்.

கதை மேலே போனது. பொய் சொல்லவில்லை அவள். நாலைந்து மாதம் கழித்து, முடிவெட்டும் கடையில் டிரைவர் கழுத்தில் துணி கட்டி உட்கார்ந்திருந்தபோது டிவியில் அது வந்தது. ஆஸ்பத்திரி வராந்தா. வயதான ஒருவர் மாடிப்படியில் ஓடுகிறார். பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறுகிறார். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டுகிறார். ஒரே ரிங், மகள் எடுத்துவிடுகிறாள். திரும்பி ஓடிவந்து, கதவையே பார்த்துக் கிடக்கும் மனைவியின் காதில் போனை வைக்கிறார். "கோவத்தைக் குறைச்சுக்கோ, சாப்பாட்டைக் குறைக்காத" என்கிறாள் படுக்கையில் கிடப்பவள். "அழறா போல" என்று சிரிக்கிறாள். அந்தப் பக்கம் மகளும் அழுதுகொண்டே சிரிக்கிறாள். இசை எழும்புகிறது. கம்பெனியின் பெயர் வருகிறது. 'சொல்ல வேண்டியதைச் சொல்ல, எப்போதும் சிக்னல்.'

எரிகிற வீட்டில் பிடுங்கினவரை லாபம் என்று சும்மாவா சொன்னார்கள்?

"என்னமா எடுத்திருக்கான் பாருங்க!" என்றார் முடிவெட்டுபவர், கத்தரியை நிறுத்திவிட்டு. "எத்தனை தடவை பாத்தாலும் எனக்குத் தண்ணி வந்துடுது. ஆடாதீங்க, காதுல பட்டுடும்."

வெளியே வந்ததும் டிரைவர் கம்பெனியைத் திட்டலாம் என்று கூப்பிட்டார். காத்திருக்கும் நேரத்தில் அந்த விளம்பரத்தின் இசையையே போட்டார்கள். வைத்துவிட்டார். அதைவிட மோசம், தெருவில் எங்கே டிவி ஓடினாலும் அவர் நின்று பார்க்க ஆரம்பித்தார். அதில் லைன் கிடைக்கிறதே. அவளுக்குப் பதில் வருகிறதே. பார்த்துப் பார்த்து, கண்ணை மூடினால் மனைவியின் முகத்துக்குப் பதிலாக அந்த நடிகையின் முகம் வர ஆரம்பித்தது. அப்போதுதான் பயந்து போய் நிறுத்தினார்.

அந்த வாரத்திலேயே ஒரு நாள் சாயங்காலம் போன் அடித்தது. திரையில் மகளின் பெயர். அதைப் பார்த்தே வெகு காலம் ஆகியிருந்தது. அவசரமாக எடுத்தார்.

"அப்பா" என்றாள். அப்புறம் அழுகைதான் கேட்டது.

"என்னம்மா? என்ன கண்ணு? பிள்ளை நல்லா இருக்கா?"

"எல்லாரும் நல்லா இருக்கோம். ஒரு விளம்பரம் பாத்தேன்பா. ஆஸ்பத்திரி, ஒரு அப்பா, மகளுக்குப் போன் பண்ணுவார். என்னால தாங்கவே முடியலை. அந்த அம்மா பேசுறது நம்ம அம்மா பேசுற மாதிரியே இருந்துச்சு."

டிரைவர் இதைவிட நல்ல நேரம் இனி வராது என்று நினைத்தார். "அம்மா, அது உங்கம்மாதான். அது நாமதான். நான்தான் அவங்ககிட்ட சொன்னேன். நாற்காலி மேல ஏறி ஜன்னலுக்கு வெளிய கையை நீட்டினேம்மா. லைன் கிடைக்கலை. சும்மா போனை அவ காதுல வெச்சேன். கோவத்தைக் குறைச்சுக்கோ, சாப்பாட்டைக் குறைக்காதன்னு உனக்குத்தான் சொன்னா."

திரும்பி வந்த குரலில் அழுகை இல்லை.

"விளம்பரத்துல வந்ததை எங்கிட்டயே சொல்றியாப்பா?"

"இல்லம்மா, சத்தியமா..."

"பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும். யாரோ எழுதின வசனத்தை எங்க அம்மா வாயில வைக்காதப்பா. ப்ளீஸ். எனக்கு அது ஒண்ணு போதும்."

விளம்பரத்தில் இல்லாத ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டும். டிரைவர் தேடினார். மாடிப்படி? வந்துவிட்டது. கதவைப் பார்த்த கண்? அதுவும் வந்துவிட்டது. அவள் சிரித்த சிரிப்பைக்கூட அந்த நடிகை சிரித்துவிட்டாள். அன்றைக்கு அந்த அறையில் மிச்சம் வைக்காமல் கொட்டிவிட்டு வந்திருந்தார். பக்கத்துப் படுக்கைக்காரரின் போன் ஒன்றுதான் விளம்பரத்தில் வரவில்லை. அதைச் சொல்லி என்ன பிரயோஜனம்?

"அப்பா, நான் சண்டை போடக் கூப்பிடலை" என்றாள் மகள். "எனக்கும் தெம்பில்லை. நீ கூப்பிடலைன்னு ஒத்துக்கோ. பயந்துட்டேன், மறைச்சுட்டேன்னு ஒரு தடவை உண்மையைச் சொல்லிடு. நான் எல்லாத்தையும் விட்டுடறேன். பிள்ளையைக் கூட்டிட்டு ஞாயித்துக்கிழமையே வர்றேன்."

கம்பெனி சொல்ல வேண்டிய வார்த்தையை இப்போது அவரிடம் கேட்கிறாள். அதையும் தலைகீழாக. பேத்தி பின்னால் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பேச்சு வந்துவிட்டது என்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும்.

"கூப்பிடலைம்மா" என்றார். "பயந்துட்டேன். மறைச்சுட்டேன்."

"அம்மா? அம்மா எனக்கு ஏதாவது சொன்னாளா?"

"ஒண்ணும் சொல்லலை."

மகள் நீளமாக மூச்சு விட்டாள். "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா இத்தனை நாள் வீணாப் போயிருக்குமா? பரவாயில்லை. விடுப்பா. அழாத. எனக்கு இப்பத்தான் நெஞ்சு லேசாச்சு."

லைன் துல்லியமாக இருந்தது. ஒரு சொல்கூட விட்டுப்போகவில்லை. அவள் ரயில் நேரம் சொன்னாள், பேத்திக்கு என்ன பிடிக்கும் என்று சொன்னாள், அவர் எல்லாவற்றுக்கும் சரிம்மா, சரிம்மா என்றார்.