கதிரையில் தொழுதவர்கள்

ஒன்பது மணி நாற்பது நிமிடம். அதில் விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்குப் பத்து நிமிடம், பாணுக்கும் பிளேன்டீக்கும் இருபது. மிச்சம் ஒன்பது மணி பத்து நிமிடம் நாங்கள் கதிரையில் இருந்தோம்.

அவுஸ்திரேலியாவில் கடைகள் திறக்கும்போது மதுரங்குளியில் விடிந்திருக்காது. அதனால் எங்கள் வேலை அதிகாலை நாலரைக்குத் தொடங்கியது. சந்தியில் றவூப் ஹாஜியாரின் இரும்புக் கடை. அதற்கு மேல்மாடியில் நாற்பத்தொரு கணினிகள், நாற்பத்தொரு பெண்கள். திரையின் இடப்பக்கம் யாரோ கிறுக்கிய விநியோகச் சீட்டின் படம் வரும். அதைப் பார்த்து வலப்பக்கக் கட்டங்களை நிரப்ப வேண்டும். மணிக்கு எண்ணாயிரம் விசை என்பது கணக்கு. நோன்பு முடிந்ததும் அதை ஒன்பதாயிரத்து ஐந்நூறாக்கினார்கள். குறைந்தால் திரையின் மூலையில் இலக்கம் சிவப்பாகும்.

கோபம் வந்தால் நான் எண்ணத் தொடங்குவேன். ஒரு நாளைக்கு எண்பத்தேழாயிரம் தடவை என் விரல்கள் இறங்கின.

கதிரைகள் சிவப்பு பிளாஸ்டிக். ஹாஜியார் கலியாண வீடுகளுக்கு வாடகைக்கு விடுபவை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றை லொறியில் ஏற்றிப் போவார்கள். திங்கள் விடியற்காலை கால்களில் புரியாணிச் சோறு காய்ந்து ஒட்டியிருக்கும். கதிரை தாழ்வு, மேசை உயரம். தோளை உயர்த்தினால்தான் கை விசைப்பலகைக்கு எட்டும். பத்து மணியாகும்போது அறை முழுவதும் கழுத்தைத் திருப்பும் சத்தம் கேட்கும். சுள்ளி முறிவது போல.

இரண்டு வியாழனுக்கு ஒரு தடவை சிலாபத்திலிருந்து டொறத்தி மிஸ் பஸ்ஸில் வருவார். பிசியோதெரபி செய்பவர். ஊழியர் நலனுக்கு என்ன செய்கிறீர்கள் என்று அவுஸ்திரேலியாக்காரர்கள் கேட்டதால் ஹாஜியார் அவரைப் பிடித்திருந்தார். முதல் நாள் படம் எடுத்து அனுப்பினார்கள். படத்துக்காக வந்தவர் அப்படியே போய்விடவில்லை. சுடுநீரில் துவாயைப் பிழிந்து தோளில் போடுவார். கட்டைவிரலை உள்ளே மடித்து முஷ்டியை மெல்லக் கீழே சாய்க்கச் சொல்வார். அலறுகிறவளுக்கு ஓர் அட்டை எழுதுவார். எந்த இடம், எத்தனை மாதம், என்ன செய்ய வேண்டும். எல்லா அட்டையிலும் கடைசி வரி ஒன்றுதான்: கதிரையை மாற்றுக, மணிக்கு ஐந்து நிமிடம் எழுந்து நடக்க விடுக.

மார்ச் மாதம் ஹாஜியார் என்னைக் கூப்பிட்டார்.

"ஃபஹ்மியா, நீங்க சயன்ஸ் டிகிரி முடிச்ச புள்ள. தொழுற அறைக்குக் கதிரை காணாதாம். குனிய ஏலாதவங்க எத்தன பேர், ஆராரெண்டு எழுதித் தாங்க மகள். ஸதக்காவா, தர்மமா வாங்கிப் போடுவம்."

தொழுகை அறை பழைய களஞ்சியம். நெற்றியைத் தரையில் வைத்து ஸுஜூது செய்ய முடியாதவர்கள் அங்கே கதிரையில் இருந்து தொழுவார்கள். வலியைத் தொழிலில் மறைக்கலாம். தொழுகையில் யாரும் மறைப்பதில்லை. நான் பத்து நாள் பார்த்தேன். கோடு போட்டு அட்டவணை கீறினேன். பெயர், நோவது முழங்காலா இடுப்பு நாரியா, எத்தனை நாள். ஏழு பெயர். நன்மை செய்கிறேன் என்று நினைத்து அழகான எழுத்தில் எழுதினேன். எழுதும்போது மட்டும் என் கை இரண்டு தடவை பேனையை விட்டது.

புதுக் கதிரை வரவில்லை.

எங்களுக்கு ஆறு மாத ஒப்பந்தம். பட்டியலின் முதல் பெயர் றம்லா தாத்தா. அக்காவை நாங்கள் தாத்தா என்போம். அவவின் ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. அடுத்து இரண்டாவது பெயர். அடுத்து மூன்றாவது. என் பட்டியல் எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. எனக்கு மட்டும். மற்ற எல்லோரும் டொறத்தி மிஸ்ஸின் அட்டைகளைச் சந்தேகித்தார்கள். மிஸ்ஸிடம் போவதை நிறுத்தினார்கள். நோவோடு இருந்தார்கள். அவர் துவாயை மடித்து வைத்துவிட்டு யாருமில்லாத அறையில் காத்திருந்ததை நான் கதவிடுக்கால் பார்த்தேன். பட்டியலைப் பற்றி வாய் திறக்காமல் என் கதிரைக்குத் திரும்பினேன். வருகிற முதலாந் திகதி முதல் என்னை மேற்பார்வைக்குப் போடுவதாக ஹாஜியார் சொல்லியிருந்தார்.

நாலாவது பெயர் மபாஸா. சனிக்கிழமையோடு அவளுக்கு ஒப்பந்தம் முடிகிறது. புருஷன் உப்பளத்தில் கூலி. மழைக்காலத்தில் உப்பளம் இல்லை, அவள் சம்பளம் மட்டும்தான்.

அந்த வியாழன் எங்களை ஏற்றிவரும் வான் முந்தல் ஊரில் நின்றபோது றம்லா தாத்தா ஏறினா.

"நீங்க எங்க தாத்தா? உங்களத்தான் நிப்பாட்டிட்டாங்களே!"

"அதுதான் ஏறினன். இனி என்னை எங்க இரிந்து நிப்பாட்டுற?"

வான் முழுக்கச் சிரித்தது. பிறகு றம்லா தாத்தா சொன்னா: "டொறத்தி மிஸ்ஸ ஏசாதீங்க. அவ என்ட ஊட்டுக்கு நாலு வியாழன் வந்து காலுக்குப் புடிச்சி உட்டவ. ஒரு சதம் வாங்கல்ல. அவ எழுதின காட்டெல்லாம் அவட பேக்குக்குள்ளதான் ஈக்கி. நான் கண்ணால பாத்த. ஹாஜியார் கேட்டும் குடுக்கல்லயாம்."

"அப்ப பேர ஆர் குடுத்த?" என்றாள் மபாஸா.

நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். இறால் பண்ணைகளில் சக்கரங்கள் இருட்டில் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தன.

சுபஹு தொழுது ஸலாம் கொடுத்து முடித்ததும் மபாஸா கதிரையிலிருந்து எழும்பவில்லை. "இண்டைக்கு மிஸ் வாற நாள்," என்றாள். "ஒண்டு ரெண்டு பேர் போனா அவங்கள வெட்டுவாங்க. முப்பத்தெட்டுப் பேரும் போவம். முப்பத்தெட்டுக் காட். எல்லாரையும் வெட்டிட்டு ஹாஜியாரா வந்து டைப் பண்ணப் போற?"

பத்து மணிக்கு எல்லோரும் எழுந்தோம். முப்பத்தெட்டுத் திரைகளிலும் இலக்கம் சிவப்பாகியது. டொறத்தி மிஸ்ஸின் மேசையிலிருந்து படி வரை வரிசை. நான் கடைசி.

ஹாஜியார் படியேறி வந்தார். "என்ன இது, கலியாண ஊட்டுச் சாப்பாட்டுக்கு நிக்கிற மாதிரி?"

"நோவு ஹாஜியார்," என்றாள் மபாஸா.

"முப்பத்தெட்டுப் பேருக்கும் ஒரே நாளிலயா?"

"எல்லாரும் ஒரே கதிரதானே."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அவர் முகம் கறுத்தது. "தொண்ணூறாம் ஆண்டு மன்னாரால விரட்டப்பட்டு ஒரு பேக்கோட வந்த ஆக்கள். முகாமில தரையில இரிந்தீங்க. கதிரையில ஏத்தி இருத்தினது நான்."

"நான் அந்த ஓலைக் கொட்டிலுக்குள்ள பொறந்தவ ஹாஜியார். தரையில இரிக்கக்க எங்கட உம்மாக்குப் பசி இரிந்த. நாரி நோகல்ல."

டொறத்தி மிஸ் பேனையை வைத்தார். "பதினொரு மாசமா பேர் போடாம எழுதித் தாறன். நான் புடிச்சு விடுற நோவ உங்கட கதிரை அடுத்த நாளே திருப்பிக் குடுக்குது. கதிரையை மாத்துங்க."

"உங்கள கூப்பிட்டது கை கால் புடிக்க. கதைக்க இல்ல, மிஸ்."

"தோள் ஏன் நோகுதெண்டு கேக்காம தோளைப் பிடிக்க ஏலாது."

ஹாஜியார் வரிசையைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "சரி. மிஸ் பேர் தரல்ல. உண்மைதான். அப்ப ஆர் தந்த? பொம்புளயள் தொழுற அறைக்குள்ள நானா எட்டிப் பாத்த? உங்கட ஆள் ஒண்டுதான் எழுத்தில தந்த. என்ட மேச லாச்சிக்குள்ள கிடக்கு. இந்த வரிசையிலதான் அவவும் நிக்கிறா. அவளோட சேந்து நில்லுங்க பாப்பம்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

வரிசை தளர்ந்தது. ஒருத்தி தன் முன்னால் நின்றவளிடமிருந்து ஓரடி விலகினாள். இரண்டு பேர் தங்கள் கதிரைகளைத் திரும்பிப் பார்த்தார்கள். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல். எனக்கு அந்த மூன்றும் மரத்திருந்தன. சின்ன விரலுக்கு ஒன்றுமில்லை. எந்த நரம்பு என்று எனக்குத் தெரியும். பரீட்சைக்குப் படம் கீறியிருக்கிறேன். விரிப்பில் தொழுதுவிட்டு எழும்பும்போது உள்ளங்கையை ஊன்ற முடியாமல் முஷ்டியை ஊன்றுவேன். யாரும் கவனித்ததில்லை.

மபாஸா திரும்பாமலே பேசினாள். "எழுதினவ ஆரா இரிந்தாலும் வரிசைய உட்டுப் போகாதீங்க. நீங்களும் இந்தக் கதிரையிலதானே இரிக்கிறீங்க. உங்களுக்கும் நோகும்."

"கேட்டுச்சா?" என்றா படியில் நின்ற றம்லா தாத்தா. "அவக்கும் ஒரு காட் எழுதுங்க மிஸ்."

விலகியவள் மெல்ல உள்ளே வந்தாள். எனக்கு முன்னால் நின்றவள் ஓரடி பின்வைத்தாள். அவள் முதுகு என் கையில் பட்டது. சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. எதுவும் மாறியிருக்கவில்லை.

இரண்டு வருடமாக அந்த அறையில் நான் சத்தமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. வலது கையை மேலே தூக்கினேன். எல்லோருக்கும் தெரிகிற உயரத்துக்கு.

"அந்தப் பட்டியல எழுதினது நான்," என்றேன். "தொழுகைக்குக் கதிரை வாங்கப் போறாரெண்டு நம்பி எழுதினன். ஏழு பேர். எட்டாவது பேர மறைச்சிட்டன். அது என்ட பேர்."