பச்சைப் பாக்கெட்

கத்தியைத் தாடையில் வைத்த நேரம் பார்த்துத்தான் சலூன் மாஸ்டருக்கு இருமல் வரும். அன்றைக்கும் வந்தது. வாத்தியாரின் காதோரம் ரத்தம் கோடு போட்டது.

"தலையை எடுத்துராதீங்க மாஸ்டர், வீட்ல தேடுவாங்க" என்று வாத்தியார் சிரித்தார். ஆனால் அடுத்த முறை அவர் போய் உட்கார்ந்தது பக்கத்து நாற்காலியில், மாஸ்டரின் மச்சினனிடம். மற்றவர்களும் ஒவ்வொருவராக நாற்காலி மாறினார்கள். தான் தொழில் கற்றுக்கொடுத்தவனிடம் கூட்டம் காத்திருக்க, மாஸ்டர் தன் காலி நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மாஸ்டரின் மனைவிக்கு வயிறு எரிந்தது, அவன் தன் தம்பியே ஆனாலும். புருஷன் சிகரெட்டை விடமாட்டார். கல்யாணமான நாளிலிருந்து தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திப் பார்த்தவள் அவள். ஆகவே விடச் சொல்லவில்லை. புதினாக் குளிர்ச்சிக்கு மென்தால் போட்ட சிகரெட், பச்சைப் பாக்கெட் ஒன்றை வாங்கிவந்து சட்டைப்பையில் வைத்தாள்.

"ஜில்லுன்னு இருக்குமாம். தொண்டைக்கு இதமாம், கடைக்காரர் சொன்னார்."

இருமல் நின்றேவிட்டது. கை பதறவில்லை, வாய் நாறவில்லை. வாத்தியார் திரும்பி வந்தார். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. தெருவில் எவர் இருமினாலும் "பச்சைப் பாக்கெட்டுக்கு மாறச் சொல்லுங்கக்கா" என்று வைத்தியம் சொன்னாள். மாஸ்டரோ எரிச்சலே தெரியாமல் நெஞ்சு நிறைய இழுத்தார். ஒரு பாக்கெட் இரண்டானது. அதையும் அவளே வாங்கிக் கொடுத்தாள்.

வாஷ்பேசினில் ரத்தம் துப்பிய பிறகுதான் டாக்டரிடம் போனார்கள்.

"இருமல் நின்னா நோய் நின்னுச்சுன்னு அர்த்தமில்லம்மா. அந்தக் குளிர்ச்சி தொண்டையை மரத்துப்போக வச்சிருக்கு. எரிஞ்சிருந்தா அரைகுறையா இழுத்திருப்பார். எரியலைன்னதும் அடிவரைக்கும் இழுத்திருக்கார். இருமியிருந்தா நீங்களும் முன்னாடியே வந்திருப்பீங்க. யார் சொன்ன யோசனை இது?"

மாஸ்டர் முந்திக்கொண்டார். "என் வீட்டுக்காரிதான்."

திட்டித் தொலைத்திருந்தாலாவது அழுது தீர்த்திருப்பாள். பாவி மனுஷன் மெச்சுகிறார். படுக்கையில் கிடப்பவரைப் பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "இவ தங்கம். தன் கையாலேயே வாங்கிக் குடுத்தா" என்கிறார். வந்தவர்கள் அவளைப் பார்க்கிறார்கள். அவள் காபி போடப் போய்விடுகிறாள்.

இன்று வாத்தியார் வந்திருந்தார். மச்சினன் கட்டிலிலேயே மாமாவுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தான். பாதி முகம் நுரையாக இருக்கும்போது மாஸ்டருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. கத்தியைச் சட்டென்று எடுத்தான்.

"கொஞ்சம் பொறுத்துக்குங்க மாமா."

மாஸ்டர் அவளைப் பார்த்துக் கை நீட்டினார்.

"சட்டையில ஒண்ணு மிச்சம் இருக்கு, எடு. பாவம், உன் தம்பிக்குக் கை பதறுது பாரு. உன் வைத்தியம்தானே? கேட்கும்."

வாத்தியார் தரையைப் பார்த்தார். அவள் ஆணியில் தொங்கிய சட்டைக்குள் கைவிட்டாள். விரல்களில் புதினா வாசனை ஏறியது. முதுகுக்குப் பின்னால் இருமல் நிற்கவில்லை. நீட்டிய கை, தாடையிலிருந்து நுரை அதன்மேல் சொட்டச் சொட்ட, அப்படியே இருந்தது.