பக்கத்து வீட்டுச் சங்கு

என் பெண்டாட்டி வீரம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். கொஞ்சம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில், எங்கள் வரிசைக் குழாயடியில் அவளோடு மல்லுக்கு நின்று ஜெயித்தவர் யாரும் கிடையாது. பாசாரில் மீன் விற்கும் சீனன்கூட அவளைக் கண்டால் தராசுத் தட்டை ஒருமுறை துடைத்துவிட்டுத்தான் நிறுப்பான். அதைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன், பெருமைகூடப் பட்டிருக்கிறேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நான் ரயில்வே பட்டறையில் பிட்டர். அந்த வருஷம் மழை பிடித்த கையோடு காய்ச்சலும் என்னைப் பிடித்தது. சாதாரணக் காய்ச்சல் இல்லை, ஆளைச் சுருட்டிப் பாயோடு பாயாகப் போட்டுவிட்டது. ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் வந்து கொய்னா மாத்திரை கொடுத்துவிட்டு, வாசலில் நின்று வீரம்மாவிடம் ரகசியம் பேசினார். "நாகையா உடம்பு ரொம்ப மோசமா இருக்கும்மா. இந்த வாரத்தைத் தாண்டிட்டா பொழைச்சுக்குவாரு." எங்கள் குவாட்டர்ஸில் எல்லாம் பலகைத் தடுப்பு. ரகசியம் பேச அங்கே இடமே கிடையாது.

அதே வாரம்தான் பக்கத்து வீட்டுக்குப் புதுசாகக் குடி வந்தார்கள். ஹரிபாபு என்று ஒரு வங்காளி கிளார்க், அவர் மனைவி சைலபாலா. இங்கே தலைப்பாகை கட்டிய பஞ்சாபிகளையும் நாம் வங்காளி என்றுதானே சொல்கிறோம்? இவர் அப்படி இல்லை, அசல் கல்கத்தாக்காரர். ஒரு வருஷம் கிள்ளான் துறைமுகத்தில் வேலை பார்த்துவிட்டு இங்கே மாற்றலாகி வந்தவர். வந்த மறுநாளே கிம்மாஸ் ஸ்டேஷன் பக்கம் டூட்டிக்குப் போய்விட்டார். அந்தப் பெண் மட்டும் வீட்டில் தனியாக இருந்தாள். இருபது வயசுகூட இருக்காது.

அன்று விளக்கு வைக்கிற நேரம். பலகைக்கு அந்தப் பக்கம் சங்கு ஊதுகிற சத்தம் கேட்டது.

அடுப்படியில் இருந்த வீரம்மா கரண்டியோடு வாசலுக்கு ஓடினாள். "யாரு வூட்டுல எழவு? யாருக்கு என்னாச்சு?" வரிசையில் எல்லோரும் வெளியே வந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் சாகவில்லை. சாகக் கிடந்தது நான் ஒருவன்தான், நானும் உயிரோடுதான் இருந்தேன்.

வீரம்மா கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அங்கே காய்ச்சல் கண்டு கூலிகள் வீட்டு வரிசையில் லயம் லயமாகச் செத்தார்கள். சங்கு ஊதுகிறவனுக்கே தொண்டை கட்டிப்போன வருஷம் அது. அவள் அப்பனும் தம்பியும் ஒரே வாரத்தில் போனார்கள். கோயிலில் தீபாராதனைக்குச் சங்கு ஊதினால் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். ஆனால் வீட்டு வாசலில் சங்கு என்றால் அவளுக்கு ஒரே அர்த்தம்தான். நமக்கும் அதுதானே?

மறுநாள் பொழுது சாயவும் திரும்பச் சங்கு கேட்டது. வீரம்மா வேலியோரம் போய், தனக்குத் தெரிந்த பாசார் மலாயில் கேட்டாள். "சியாப்பா மாத்தி? யாரு செத்தது?"

சைலபாலா சிரித்தாள். "தடா மாத்தி," என்றாள், யாரும் சாகவில்லை என்று. பிறகு கயிற்றில் காய்ந்த புருஷனின் சட்டையைக் காட்டி, இரண்டு கையையும் கூப்பி, மேலே பார்த்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று வீரம்மாவுக்குப் புரியவில்லை. "ஜாங்ஙான், இனிமே ஊதாதே. என் லாக்கி, என் புருஷன், சாக்கிட்டா, சீக்கா படுத்திருக்காரு," என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்தப் பெண் தலையை ஆட்டினாளாம். சரி, விஷயம் புரிந்துவிட்டது என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் எனக்குக் காய்ச்சல் தலைக்கு ஏறிவிட்டது. என்ன உளறினேனோ, செத்துப்போன என் அம்மாவைக் கூப்பிட்டேன் என்று வீரம்மா பிறகு சொன்னாள். அவள் என் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது சங்கு கேட்டது. முன்னைவிடச் சத்தமாக, நீளமாக, என் தலைமாட்டிலேயே வைத்து ஊதுகிற மாதிரி இருந்தது. பட்டறையில் நான் பெரிய வீரன். பேயாவது சகுனமாவது என்று பேசுகிறவன். அன்று போர்வையை இழுத்துக் காதை மூடிக்கொண்டேன்.

"சண்டாளி! எம்புருசனுக்கா ஊதுறே?" என்று கத்திக்கொண்டு வீரம்மா எழுந்து ஓடினாள். பக்கத்து வீட்டுக் கதவு தடாரென்று திறந்தது. சங்கு பாதியில் நின்றது. இவள் தமிழில் ஏச, அவள் ஏதோ பாஷையில் கெஞ்ச, பாத்திரம் ஒன்று உருண்டது. பிறகு அந்தப் பெண் ஒரே ஒரு தடவை அலறினாள். அதற்கப்புறம் சத்தமே இல்லை.

வீரம்மா மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். "சங்கைக் குடுடீன்னா மாட்டேன்னுட்டா. கையப் பிடிச்சு இழுத்தேன், வளையல் உடைஞ்சு போச்சு. என்னமோ எலும்பு மாதிரி வெள்ளையா ஒரு வளையல். போனாப் போகுது, வேற வாங்கிப் போட்டுக்கட்டும்," என்றாள்.

அதன் பிறகு சங்கு ஊதவில்லை. இரண்டு நாளில் எனக்கு வேர்த்துக் கொட்டிக் காய்ச்சல் விட்டது. கேட்க வேண்டுமா வீரம்மாவை! "பாத்தீங்களா? சங்கு நின்னுச்சு, காய்ச்சலும் நின்னுச்சு," என்று என்னிடம் சொன்னாள். குழாயடியில் சொன்னாள், பாசாரில் சொன்னாள். பலகைக்கு அந்தப் பக்கம் யாரோ அழுகிற சத்தம் மட்டும் எனக்கு அவ்வப்போது கேட்கும். புருஷனை நினைத்து அழுகிறாள் போல என்று நானும் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஹரிபாபு ஊர் திரும்பினார். குளித்த ஈரத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் நாலு ஆரஞ்சுப் பழம், எனக்காக. மலாயில்தான் பேசினார், எனக்கு அது நன்றாகவே புரியும். தமிழில் சொல்கிறேன்.

"உங்க உடம்பு எப்படி இருக்கு? முதல்ல எங்களை மன்னிக்கணும். உங்க ஜனங்க சாவுக்குச் சங்கு ஊதுவாங்கன்னு என் சம்சாரத்துக்குத் தெரியாது. யாரு செத்ததுன்னு உங்க சம்சாரம் வந்து கேட்டதை அவ சொன்னப்புறம்தான் எனக்கே புரிஞ்சது. எங்க ஊர்ல வீட்டுப் பொம்பளைங்க தினமும் விளக்கு வைக்கும்போது ஊதுவாங்க. கெட்டது அண்டாது, புருஷனுக்கு ஆயுசு கெட்டின்னு. பக்கத்து வீட்டுக்காரருக்கு உடம்பு முடியலைன்னு உங்க சம்சாரம் சொன்னதும், உங்களுக்காகவும் வேண்டிக்கிட்டு மறுநாள் நல்லாப் பலமா ஊதினாளாம்."

வீரம்மா கதவோரம் நின்றிருந்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"இப்ப ஒரு கஷ்டம்," என்று அவர் மேலே சொன்னார். "குழாயடியில வழுக்கி விழுந்துட்டாளாம், கை வளையல் போச்சு. அதையும் சங்கை அறுத்துத்தான் செய்வாங்க. உங்களுக்குத் தாலி எப்படியோ எங்களுக்கு அது அப்படி. புருஷன் செத்தாத்தான் அதை உடைப்பாங்க. நான் வந்தா முன்னால வந்து நிக்கமாட்டேங்கறா, கையை முந்தானைக்குள்ள ஒளிச்சுக்கறா. பார்த்து நடக்கத் தெரியாதான்னு நானும் கோபத்துல திட்டிட்டேன். புதுசு கல்கத்தாவிலிருந்து கப்பல்ல வரணும். அதுவரைக்கும் வெறுங்கையோட சங்கைத் தொடமாட்டாளாம். எனக்கு நாளைக்கு விடிஞ்சதும் கிம்மாஸ் போகணும். சங்கு ஊதாத வீட்லேர்ந்து உங்களை எப்படி அனுப்புவேன், போனா திரும்பி வரமாட்டீங்கன்னு என் காலைப் பிடிச்சுக்கிட்டு அழறா."

வீரம்மாவின் கை தானாகத் தாலிக்குப் போயிற்று. நான் அவளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். வழுக்கி விழுந்தாளாம்! அந்தப் பெண் எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. திட்டு வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். அந்த ஆரஞ்சுப் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. ஆனால் நானாக வாயைத் திறந்தேனா? இல்லை. அவள் சொல்லட்டும் என்று பேசாமல் உட்கார்ந்திருந்தேன். பாபு கிளம்ப எழுந்தபோது, சொல்லாமலே தப்பித்துவிடலாம் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. தூ!

"சாயா," என்றாள் வீரம்மா. மலாயில் 'நான்' என்று அர்த்தம். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. "அவ வுழல. நான்தான் கையப் பிடிச்சு இழுத்து ஒடைச்சேன்."

பாதி மலாய், பாதி தமிழ். ஆனாலும் அவருக்குப் புரிந்துவிட்டது. ஏசுவார், கையை ஓங்குவார் என்று நினைத்தேன். அப்படி ஏதாவது செய்திருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் வீரம்மாவை ஒரு பார்வை பார்த்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார், இறங்கிப் போய்விட்டார்.

அன்று வீரம்மா உலை வைத்தாள், வடித்தாள், சாப்பிடவில்லை. குழாயடிக்கும் போகவில்லை. "அவ எனக்குச் சிரிச்சாளே, அன்னைக்கு எனக்குச் சிரிச்சாளே," என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவள் மேல் வந்ததா என் மேல் வந்ததா என்று பிரிக்கத் தெரியவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில், "எந்திரிங்க, என்கூட வாங்க," என்றாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலுக்குப் போனேன்.

வாசலில் துளசித் தொட்டி முன்னால் விளக்கு எரிந்தது. சைலபாலா அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வீரம்மாவைக் கண்டதும் வலது கையைச் சட்டென்று முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். எங்கே இன்னொரு தடவை பிடித்து இழுப்பாளோ என்ற பயம். அதைப் பார்த்ததும் வீரம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"தாயி, நீ ஊது," என்று சங்கைக் காட்டினாள். அந்தப் பெண் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை.

உள்ளிருந்து ஹரிபாபு வந்தார். வீரம்மா அவரிடம் கேட்டாள். "ஐயா, அவ தொடக்கூடாதுன்னா வேற யாரு ஊதலாம்?"

"புருஷன் இருக்கிற பொம்பளை யாரும் ஊதலாம்," என்றார் அவர் தயங்கித் தயங்கி. "இந்த வீட்ல வேற யாரு இருக்கா?"

"நான் ஊதுறேன்."

அவர் யோசித்தார். அவர்கள் சாதி என்ன, எங்கள் சாதி என்ன, பூஜைச் சங்கில் இவள் வாய் வைக்கலாமா என்றெல்லாம் அவர் மனசில் ஓடியிருக்கும். சைலபாலா யோசிக்கவில்லை. சங்கு இருந்த பலகையைத் தன் இடது கையால் காட்டினாள்.

வீரம்மா சங்கை எடுத்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்பன் போனது, தம்பி போனது எல்லாம் அந்தப் பார்வையில் இருந்தது. இரண்டு நாளைக்கு முன்னால்தான் பிழைத்து எழுந்த புருஷன் பக்கத்தில் நிற்க, அவள் தன் வாயாலே சங்கு ஊத வேண்டும்.

"நீங்க வூட்டுக்குள்ள போயிடுங்க," என்றாள்.

"போகமாட்டேன், ஊது," என்றேன்.

முதலில் வெறும் காற்றுதான் வந்தது. சைலபாலா உதட்டைக் குவித்துக் காட்டினாள். அடுத்த தடவை கன்றுக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அதற்கடுத்த தடவை நிஜமாகவே ஊதிவிட்டாள். வரிசை முழுக்கக் கதவு திறந்தது. கோடி வீட்டு வேலாயுதம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஐயோ நாகையாண்ணே!" என்று நேராக எங்கள் வீட்டுக்குள் ஓடினான். உள்ளே யாரும் இல்லாமல் திரும்பி வந்து, வாசலில் நின்ற என்னைக் கண்டு திகைத்துப்போனான். அவன் பின்னால் குழாயடி முழுசும் கூடிவிட்டது.

"என்னண்ணே இது? வேற யாரு செத்தது?"

என் மானம் போவதானால் முழுசாகவே போகட்டும் என்று தோன்றியது. "யாரும் சாகலப்பா," என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "எனக்கு ஆயுசு வேண்டி இந்தப் புள்ள சங்கு ஊதியிருக்கு. எம்பொண்டாட்டி போயி அதோட தாலிய அறுத்த மாதிரி வளையல ஒடைச்சுட்டு வந்துட்டா. அதுக்குத்தான் இப்ப அதோட புருஷனுக்காக இவ ஊதுறா."

வீரம்மா அவர்கள் பக்கம் திரும்பவில்லை. தலையைக் குனிந்தபடியே வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் ஊதினாள்.