ஒன்பதாயிரம் லிட்டர்

அந்த ஊரில் எந்தத் தீயும் மூவாயிரத்து ஐந்நூறு லிட்டருக்கு ஒரு சொட்டு முன்னதாக அணைந்ததில்லை. தீயணைப்பு நிலையத்தின் டேங்கர் லாரி கொள்ளும் தண்ணீர் அவ்வளவுதான். வைக்கோல் போர் எரிந்தாலும், மரக்கடை எரிந்தாலும், யாரோ அடுப்பில் மறந்துவிட்ட எண்ணெய்ச் சட்டி எரிந்தாலும், தொட்டி காலியாகும்போது தீ அணைந்தது. பம்பு நிமிடத்துக்கு ஐந்நூறு லிட்டர் தள்ளும். ஆகவே ஏழு நிமிடம். அக்கம்பக்கத்தார் வாளி வாளியாக ஊற்றுவதைத் தீ பொருட்படுத்தவில்லை; லாரிக்காகக் காத்திருந்தது. இருபத்திரண்டு வருடங்களாக இப்படியே நடந்ததால் யாருக்கும் இது அதிசயமாகப் படவில்லை. எண்ணெய்ச் சட்டிக்காரர்கள் மட்டும் சுவர் ஊறிப்போனதாகக் குறைப்பட்டுக்கொண்டார்கள்.

நிலையத்தில் மூன்று பேர் இருந்தார்கள். அலுவலர் குழாய்முனையைப் பிடிப்பார். ஓட்டுநர் லாரியை ஓட்டுவார். லாரியின் பின்னால் நின்று பம்பை இயக்குபவர் ஓட்டுநரின் தங்கையைக் கட்டியவர். பழைய தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் இல்லை. பிரேக் போட்டால் தண்ணீர் முன்னால் வந்து மோதி லாரியை இன்னும் ஆறடி தள்ளிவிட்டுத்தான் அடங்கும். ஒழுகிய பதினேழு இடங்களில் அதைப் பற்றவைத்திருந்தார்கள். இது தொட்டியில்லை, சல்லடை என்பார் ஓட்டுநர். அலுவலர் ஒன்பது வருடம் விண்ணப்பம் எழுதினார். பத்தாவது வருடம் புது லாரி வந்தது. தடுப்புத் தகடுகள், பக்கவாட்டில் நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய், ஒன்பதாயிரம் லிட்டர். அதை உள்ளே விடுவதற்காகக் கொட்டகையின் கூரையை ஒன்றரை அடி உயர்த்தினார்கள். பம்பு மட்டும் பழையதே. அது நன்றாகத்தான் இருந்தது.

முதலில் தையற்கடையில் தீப்பிடித்தது. இஸ்திரிப் பெட்டியின் கீழ் ஒரு சட்டை கருகியது, அவ்வளவுதான். அதற்கு ஒன்பதாயிரம் லிட்டரும் போனது. தையல் இயந்திரம் வாசல்வரை நகர்ந்து வந்தது. அடுத்தது ஒரு சமையலறை. ஏழாவது நிமிடத்தில் பம்புக்காரர் வால்வை மூடிப் பார்த்தார். தீ அவசரமில்லாமல் அலமாரியிலிருந்து மறுபடி எழுந்து நின்றது. அவர் வால்வைத் திறந்தார். பதினெட்டாவது நிமிடத்தில் தொட்டி வறண்டது, தீ படுத்தது.

பம்புக்காரருக்குப் புரிந்துவிட்டது. இனிப் பாதித் தொட்டியோடு போகலாமா என்று அலுவலரிடம் கேட்டார். அலுவலர் கெட்டவர் அல்ல. தொட்டி நிறைந்திருக்க வேண்டும் என்பது விதி என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பாதித் தண்ணியோட போயி ஒருத்தன் செத்தா யாருப்பா பதில் சொல்றது?" என்றார். பம்புக்காரர் தொட்டியை நிரப்பப் போனார்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் தச்சர் வீட்டில் தீப்பிடித்தது. தச்சருக்குக் கால்கள் விளங்காது. உள்ளறையில் கட்டிலில் இருந்தார். அவர் இருமுவது பத்தாவது நிமிடம்வரை வெளியே கேட்டது. லாரி நேரத்துக்கு வந்திருந்தது, தொட்டி நிறைந்திருந்தது, பம்பு ஒழுங்காக ஓடியது. ஆகவே யாரும் எதற்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நான்கு மாதம் கழித்து, ஒரு முற்பகலில், மெத்தைத் தொழிற்கூடத்தின் பஞ்சு பற்றிக்கொண்டது. மேல்மாடியில் ஆறு பெண்கள் உறை தைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி பம்புக்காரரின் மனைவி. படிக்கட்டு எரிகிறது என்று செய்தி வந்தது. அலுவலர் மோட்டார்சைக்கிளில் முன்னே போய்விட்டார். லாரி பின்னால் கிளம்பியது. பாதி வழியில் ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் பார்த்தார். தார்ச்சாலை பின்னால் கருப்பாக நனைந்துகொண்டே வந்தது. லாரியை நிறுத்தி இறங்கி ஓடினார்.

"மாப்ள, ஒழுகுது."

"ஒழுகல மச்சான். நான்தான் தெறந்து விட்டிருக்கேன்."

ஓட்டுநர் நீர்மட்டக் குழாயைப் பார்த்தார். பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது.

"உள்ள இருக்கிறது என் தங்கச்சிடா."

"எனக்கு மட்டும் யாரு? பொண்டாட்டிதானே."

"எவ்வளவு மிச்சம் வைப்ப?"

"தெரியல."

உண்மையில் அதுதான் சிக்கல். சுத்தமாகக் காலி செய்துவிட்டுப் போனால் தீ உடனே அணையுமா, அல்லது அணையவே அணையாதா என்பது யாருக்கும் தெரியாது. தண்ணீரே இல்லாமல் யாரும் போய்ப் பார்த்ததில்லை. ஓட்டுநர் ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தார். எடை குறைந்த லாரி மேட்டில் சிரமப்படாமல் ஏறியது. தொழிற்கூடத்தின் வாசலில் பம்புக்காரர் வால்வை மூடியபோது கண்ணாடிக் குழாயில் ஒரு விரற்கடை நின்றது. இருநூறு லிட்டர்.

அலுவலர் அதைப் பார்த்தார். திட்டுவதற்கு நேரமில்லாததால் குழாய்முனையை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு எதிரே நின்றார். இருபத்துநான்கு வினாடி தண்ணீர் வந்தது. குழாய் தொய்ந்தது. தீயும் அணைந்தது. ஆறு பெண்களும் கரிப்படிகளில் வரிசையாக இறங்கி வந்தார்கள். பம்புக்காரரின் மனைவி, புருவம் பொசுங்கிய முகத்தோடு, வரும் வழியில் எங்காவது டீ குடித்துவிட்டு வருகிறீர்களா என்று அண்ணனைக் கேட்டாள்.

மாலையில் வீட்டுக் கொல்லையில் அவள் தலையிலிருந்து பஞ்சுக் கரியை அலசிக்கொண்டிருந்தாள். அவர் தண்ணீர் மொண்டு ஊற்றினார். நடந்ததை அண்ணன் அவளிடம் சொல்லியிருந்தார்.

"எனக்கு எவ்வளவு வச்சிருந்தீங்க?"

"இருநூறு."

"தச்சருக்கு?"

அவர் இன்னும் ஒரு செம்பு ஊற்றினார்.

"முழுசா," என்றார்.

அவள் கண்ணிலிருந்த சோப்பைத் துடைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்து காட்டினாள். அவர் ஊற்றினார்.

பதினோரு நாள் கழித்து, வெயில் உச்சியில், காய்கறிக் கிடங்கில் புகை எழுந்தது. கிடங்குக்கார வியாபாரி மூவரில் யாருக்கும் உறவில்லை. ஓட்டுநர் இன்ஜினை முடுக்கினார். கிளம்பலாம் என்று பம்புக்காரர் பின்னாலிருந்து தட்டவில்லை. எட்டிப் பார்த்தால் அலுவலர் சீருடையோடு தொட்டிக்கு அடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வால்வைத் திறந்துகொண்டிருந்தார். கொட்டகைத் தரை முழுவதும் தண்ணீர் பரவி வாசல்வழியாகத் தெருவுக்குப் போயிற்று. மூன்று பேரும் கண்ணாடிக் குழாயைப் பார்த்தபடி நின்றார்கள். ஒரு விரற்கடைக்கு இறங்கியதும் அலுவலர் வால்வை மூடிவிட்டு, முழங்காலைத் தட்டிக்கொண்டு மோட்டார்சைக்கிளை உதைத்தார். கிடங்குத் தீ இருபத்துநான்கு வினாடியில் அணைந்தது. உள்ளே வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால் படுத்திருந்த சுமைதூக்கி எழுந்து வந்து, ஏன் இங்கே ஈரமாக இருக்கிறது என்று கேட்டார்.