ஆளில்லாத கிளை

ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியா தீவில் யாரைக் கேட்டாலும், அயர்லாந்திலிருந்து கைதிக் கப்பலில் வந்த தங்கள் முன்னோர் ரொட்டிதான் திருடினார் என்பார்கள். அத்தனை பேரும் ரொட்டி திருடியிருந்தால் அயர்லாந்தில் ஒரு பேக்கரிகூடப் பிழைத்திருக்காது என்று மார்செல்லா டார்பி சொல்வாள். அவளுடைய அம்மா காலத்தில் கைதி வம்சம் என்று வெளியே தெரிந்தால் நிச்சயமான கல்யாணம்கூட நின்றுபோகும். இப்போது அதுவே பெருமையாகிவிட்டது. ஆனால் கைதி சுத்தமான கைதியாக இருக்க வேண்டும்.

அவளுடைய பாட்டியின் பாட்டி ஹனோரா ரொட்டி திருடவில்லை. உருளைக்கிழங்கு அழுகிய பஞ்சத்தில், நிலக்கிழாரின் காரியஸ்தனுடைய வைக்கோல் போருக்குத் தீ வைத்தாள். வைத்துவிட்டு ஓடவில்லை, போலீஸ் வரும்வரை அங்கேயே நின்று குளிர்காய்ந்தாள். அந்த வருடங்களில் அப்படிச் செய்த பெண்கள் நிறைய. ஊரில் இருந்தால் சாவு, கப்பலில் ஏற்றினால் சாப்பாடு.

அவள் எந்த ஊர்க்காரி என்பதுதான் தெரியவில்லை. அயர்லாந்தின் கிளேர் மாவட்டம் என்பதோடு தடம் நின்றது. மார்செல்லா பள்ளிப் பேருந்து ஓட்டிய காலத்திலிருந்து அங்குள்ள தேவாலயங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறாள்: ஹனோரா லேசி, தாயார் கேத்தரின். அப்படி ஒருத்தி இல்லை என்றே எல்லா இடத்திலிருந்தும் பதில் வந்தது.

தாயார் பெயர் கேத்தரின் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவளே கணக்குப் போட்டது. அந்தக் காலத்து அயர்லாந்துக்காரர்கள் பிள்ளைகளுக்கு ஆசைப்பட்ட பெயரை வைப்பதில்லை, முறைப்படி வைப்பார்கள். முதல் மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர். இரண்டாவது மகளுக்கு அப்பாவின் அம்மா பெயர். குழந்தை இறந்துபோனால் அடுத்துப் பிறப்பதற்கு அதே பெயரை மறுபடி வைப்பார்கள். ஹனோரா இங்கே டெனிஸ் குவிர்க் என்ற மரம்வெட்டியை மணந்து எட்டுப் பிள்ளை பெற்றாள். பெண்களில் மூத்தவள் கேத்தரின். ஆகவே ஹனோராவின் அம்மா கேத்தரின். முன்னோரைத் தேடுகிற எவரும் அப்படித்தான் போட்டிருப்பார்கள்.

பிப்ரவரியில் உறவுக்காரர்கள் சேர்ந்து சிக்னெட் ஊரின் கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் செய்யப் போனார்கள். குவிர்க் வம்சத்தின் ஒன்றுகூடல் வரவிருந்தது. பிளாக்பெர்ரி முட்புதரை வெட்டியபோது உள்ளே சாய்ந்திருந்த ஒரு கல் வெளிப்பட்டது. மார்செல்லா பாசியைத் தேய்த்துக் கழுவினாள். அது டெனிஸின் தம்பி ஜானுடைய கல். மைக்கேல், கேத்தரின் குவிர்க் தம்பதியின் மகன் என்று அதில் இருந்தது.

மார்செல்லா பிரஷ்ஷைக் கீழே போட்டாள். கேத்தரின் டெனிஸின் அம்மா. அப்படியானால் மூத்த பெண்ணுக்கு அப்பாவின் அம்மா பெயர். அம்மாவின் அம்மா பெயர் எங்கே போனது? அதை எந்த அயர்லாந்துக்காரியும் தாண்டிப் போகமாட்டாள். அந்தப் பெயரை ஏற்கெனவே ஒரு குழந்தைக்கு வைத்திருந்தால் ஒழிய. அந்தக் குழந்தை இறந்திருந்தால் பெயர் பின்னால் மறுபடி வந்திருக்கும்.

எட்டாவது பிள்ளையின் பெயர் மார்செல்லா. குவிர்க் குடும்பத்தில் அதற்கு முன் யாருக்கும் இல்லாத பெயர். அவள் வழியில் வந்த இவளுக்கும் விழுந்த பெயர்.

இந்தமுறை தாயார் பெயரை மார்செல்லா என்று எழுதினாள். கிளேரிலிருந்து ஒரே வாரத்தில் பதில் வந்தது. பதிவேட்டில் அந்தத் தாயார் இருக்கிறாள், ஹனோராவும் இருக்கிறாள், கல்யாணமாகாத ஹனோராவுக்குப் பிறந்த பெண் குழந்தையும் இருக்கிறது. பெயர் மார்செல்லா. அந்தப் பெயரை வைத்து இங்கே கைதி ஆவணங்களில் தேடியபோது மீதியும் கிடைத்தது. குழந்தையையும் கூட்டிக்கொண்டுதான் ஹனோரா கப்பலேறினாள். ஹோபார்ட் துறைமுகத்தில் இறங்கியதும் அவளைத் தண்டனைக்கு அனுப்பினார்கள், குழந்தையைப் பிடுங்கி அனாதை விடுதிக்கு அனுப்பினார்கள். நான்கு வயதில் அது அங்கே அம்மை கண்டு இறந்தது.

தாய்க்கு யாரும் சொல்லவில்லை. அதை எந்தக் காகிதமும் சொல்லவில்லை, பெயர்கள் சொல்லின. விடுதலையாகி, கல்யாணமாகி, ஏழு பிள்ளை பெறும்வரை ஹனோரா அந்தப் பெயரை வேறு யாருக்கும் வைக்கவில்லை. மகள் உயிரோடு இருக்கிறாள் என்று நம்பினாள். அந்த நம்பிக்கை விட்டுப்போய், எட்டாவது பிறந்தபோதுதான் வைத்தாள்.

ஒன்றுகூடலுக்கு இரண்டு நாள் முன்பு மார்செல்லா கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். ஹனோராவுக்கான புதிய நினைவுக்கல்லை நட்டு, மேலே தார்ப்பாய் போட்டிருந்தார்கள். ஒன்றுகூடலை நடத்துகிற டெஸ் குவிர்க் அங்கே இருந்தான். ஆப்பிள் தோட்டக்காரன், அவளுடன் சேர்ந்து வளர்ந்த உறவுக்காரன். கல்தச்சர் வார்விக் அடிப்பக்கம் சிமென்ட் பூசிக்கொண்டிருந்தார். அவள் தார்ப்பாயைத் தூக்கிப் படித்தாள். பசித்த வயிற்றுக்காக ரொட்டி திருடியவர். எட்டுப் பிள்ளைகளின் தாய்.

"டெஸ், நான் உங்கிட்ட என்ன சொன்னேன்? ஒம்போது பிள்ளைங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னே. அப்பவே கல்லு வெட்டியாச்சு, மார்சி."

"ரொட்டின்னு போட்டிருக்க. வைக்கோல் போர்னு உனக்குத் தெரியும்."

"வைக்கோல் போர்னு போட்டா குயின்ஸ்லாந்துல இருந்து வர்றவன்லாம் நம்மள தீவட்டிக் கும்பல்னு நெனப்பான். ரொட்டின்னா யாருக்கும் வலிக்காது."

"அதான் எனக்கு வலிக்குது."

"அந்தக் குழந்தை குவிர்க்கே இல்லடி. அப்பன் பேரும் தெரியாது. பாதிரியார் வந்து மந்திரிக்கப் போற கல்லு. அதுல போய்..."

"அது வாழணும்னுதான் அவ தீயே வச்சா. அதவிட நெருக்கமான பிள்ளை வேற எது? ஆப்பிள் காசுல வயிறு வளத்த நீயா?"

டெஸ் கல்தச்சரைப் பார்த்தான். "பாத்தியா வார்விக், எங்க வம்சத்துல இன்னும் நெருப்பு அணையல."

வார்விக் பூசுகிற கரண்டியை விட்டுத் தலை தூக்கவில்லை. "என்னை இழுக்காதீங்கப்பா. நீங்க எழுதிக் குடுத்தத வெட்டினேன்."

ஞாயிற்றுக்கிழமை முந்நூறு பேருக்குக் குறையாமல் வந்திருந்தார்கள். ஒன்றுகூடல்களில் வழக்கம்போல, எட்டுப் பிள்ளைகளின் வழிக்கும் எட்டு நிற ரிப்பன். சட்டையில் குத்தியிருக்கும் நிறத்தைப் பார்த்து யார் எந்தக் கிளை என்று கண்டுகொண்டு கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். மார்செல்லாவின் கிளைக்கு மஞ்சள். அவள் வெள்ளைத் துணியைக் கிழித்துக் குத்திக்கொண்டு வந்தாள்.

"சலவைக்குப் போட்டியா மார்சி? சாயம் போயிடுச்சே!" என்று ஒரு சித்தி மகன் கேட்டான்.

பாதிரியார் தண்ணீர் தெளித்தார். டெஸ் மைக்கைப் பிடித்து ஒவ்வொரு பிள்ளையின் பெயராகக் கூப்பிட்டான். அந்தந்தக் கிளை எழுந்து கையாட்ட, மற்றவர்கள் கைதட்டினார்கள். சிவப்பு எழுந்தது. பச்சை எழுந்தது. கடைசியாக மஞ்சள் எழுந்தபோது மார்செல்லா உட்கார்ந்தே இருந்தாள். கைதட்டல் அடங்கியதும் போய் மைக்கை வாங்கினாள். டெஸ் விடாமல் பிடித்துத்தான் பார்த்தான்.

"இன்னொரு கிளை பாக்கி இருக்கு. மூத்த கிளை. மார்செல்லா லேசி வழி வந்தவங்க எழுந்திரிங்க."

யாரும் எழவில்லை. அவள் காத்திருந்தாள். முன்வரிசையில் ஊதா ரிப்பன் குத்திய ஒரு வெளியூர்க் கிழவர் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவங்க என்ன கலரும்மா? ஒருத்தரும் வரலையா?"

"வர மாட்டாங்க ஐயா. மூத்தவள நாலு வயசுல கொன்னுட்டாங்க."

"செத்துப்போச்சுன்னு சொல்லு மார்சி," என்று டெஸ் பல்லைக் கடித்தான். "கொன்னாங்கன்னு சொல்லாத."

"துறைமுகத்துல தாய் கையில இருந்து புடுங்குனாங்க. கும்பலா அடச்சு வச்சு அம்மை வரவிட்டாங்க. செத்த பிறகு பெத்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லல. அவ ஏழு பிள்ளை பெத்தும் அந்தப் பேர யாருக்கும் குடுக்காம எடுத்து வச்சிருந்தா, டெஸ். மக திரும்பி வருவான்னு. இதுக்கு வேற வார்த்தை இருந்தா நீயே சொல்லு, நான் அதச் சொல்லிக்கிறேன்."

ஊதாக் கிழவர் கல்லைப் படித்தார், உதடு அசையப் படித்தார்.

"எட்டுன்னுல்ல போட்டிருக்கு?" என்றார். "ரொட்டின்னு வேற இருக்கு. அது நெசமா?"

"இல்ல," என்றாள் மார்செல்லா.

"அப்போ எதுக்குய்யா எங்கள இவ்வளவு தூரம் வரவழைச்சீங்க? பொய்க்குக் கைதட்டவா?"

பின்வரிசைகளில் முணுமுணுப்பு கிளம்பியது. டெஸ்ஸின் கழுத்து சிவந்தது. அவன் கூட்டத்தைப் பார்க்காமல் ஓரத்தில் நின்ற கல்தச்சரைப் பார்த்தான்.

"வார்விக், அந்த எட்ட எடுக்க முடியுமா?"

"ரொட்டியையும்," என்றாள் மார்செல்லா.

வார்விக் கல்லருகே வந்து எழுத்துகளின் மேல் கட்டைவிரலை ஓட்டினார். "எடுக்கலாம். செதுக்கித்தான் எடுக்கணும். அந்த எடம் பள்ளமாயிடும். எவ்வளவு மெருகு போட்டாலும் மாத்தினது தெரியும். பாக்கிறவனெல்லாம் கேப்பான்."

"கேக்கட்டும்," என்றாள் மார்செல்லா.