ஹில்மனின் இடப்பக்கப் பட்டை

1

இந்தக் கதை எனக்கு பிரிக்பீல்ட்ஸ் சிக்னலில் கிடைத்தது. பச்சை விழுந்தும் நகராமல் நின்றது ஒரு பழைய ஹில்மன் கார். அதன் இடப்பக்கத்தில், நீளமான குரோம் பட்டை இருந்திருக்க வேண்டிய இடத்தில், வெறும் ஓட்டைகள். பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள். நான் கதையை ஆரம்பித்தேன். அவரவர் அவசரம் அவரவருக்கு.

முதல் வரி இப்படி வந்தது: 'உலோகத்துக்கும் ஞாபகம் உண்டு; அது தன்னை இழந்த...'

[அடித்துவிட்டேன். நீங்கள் பாதியில் எழுந்து காபி போடப் போயிருப்பீர்கள்.]

2

ஓட்டியவருக்குச் சுகுமாறன் என்று பெயர் வைத்தேன். பழைய கார் சங்கத்தின் தலைவர். 'ஒரிஜினல் பாகம் இல்லாத வண்டிக்கு ஊர்வலத்தில் முன்வரிசை கிடையாது' என்பது அவர் எழுதிய விதி. போன வருஷம் கிள்ளான் ஊர் உறுப்பினர் மும்தாஜின் ஹில்மனைக் கழிவறைப் பக்கம் ஒதுக்கியதும் அதே விதிதான். அந்த வண்டியின் இடப்பக்கப் பட்டை, கிச்சன் ஸ்டீலில் வெட்டி வளைத்த நகல்.

[அதைக் கண்டுபிடித்தது தலைவரின் கண் இல்லை. பட்டறைக்காரர் ஒருவர் அவர் காதில் போட்டுவிட்டுப் போனார். சங்கத்தில் யாருக்கும் தெரியாது, நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.]

இப்போது தலைவரின் பட்டையே பூச்சோங் சாலையில் கழன்று விழுந்து, மேலே லோரி ஏறி, அப்பளமாகிவிட்டது. தட்டி நிமிர்த்த வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம். பின்வரிசையில் நிற்கிற தலைவரை யார் தலைவர் என்பார்கள்?

தேடித் தேடி ஓய்ந்ததில், அதே பட்டை ஒரே ஒரு இடத்தில் இருந்தது. மும்தாஜிடம்.

3

"வாங்க பிரசிடென்ட். வாசல்லயே நிப்பாட்டுங்க, எங்க வீட்டுல டாய்லெட் பின்னாடி இருக்கு."

"அது சங்கத்து ரூல் லா, மும்தாஜ்மா. நான் என்ன செய்ய?"

"நீங்கதானே எழுதினீங்க."

"எழுதினதெல்லாம் எழுதினவன் பேச்சைக் கேக்குதா?"

[இந்த வசனத்தை நான் அவருக்குக் கொடுக்கவில்லை. அவராகச் சொன்னார்.]

அந்த அவமானத்துக்குப் பிறகு மும்தாஜ் ஈப்போ பழைய இரும்புக் கடையில் ஒரிஜினலைத் தேடிப் பிடித்திருந்தார். வீம்புக்கு மாட்டவில்லை. இப்போது வண்டியிலிருந்த நகலையும் கழற்றி, இரண்டையும் பளபளவென்று துடைத்து மேசையில் வைத்தார்.

"ஒண்ணு ஒரிஜினலு, ஒண்ணு கிச்சன் ஸ்டீலு. பிடிச்சதை எடுத்துக்குங்க, காசு வேணாம். ஆனா தட்டிப் பாக்கக் கூடாது, திருப்பிப் பாக்கக் கூடாது. தூரத்துல வரும்போதே போலின்னு சொன்ன கண்ணாச்சே."

வெளியே மழை நின்றிருந்தது. இரண்டு பட்டைகளுக்குள்ளும் மின்விசிறி, தண்ணீருக்கடியில் சுற்றுவதுபோல் மெல்லச் சுற்றியது. ஒவ்வொன்றிலும் ஒரு சுகுமாறன், நீண்டு, மெலிந்து, வயது கரைந்து வாசல்வரை ஓடினார். இரண்டு பேரையுமே அவருக்குப் பிடித்திருந்தது.

ஒன்றை எடுத்தார். மும்தாஜ் சிரித்தார்.

[மற்றதை எடுத்திருந்தாலும் இதே சிரிப்பைத்தான் எழுதியிருப்பேன்.]

4

முடிவு ஒன்று: எடுத்தது ஒரிஜினல். தலைவர் பிழைத்தார், கதை செத்தது.

முடிவு இரண்டு: எடுத்தது நகல், எல்லார் முன்னிலையிலும் குட்டு உடைகிறது. நன்னெறிப் பாடம். வேண்டாம்.

முடிவு மூன்று: சுகுமாறன் தன் விதியைத் தானே கிழித்து... [சம்மதிக்க மாட்டேன் என்கிறார்.]

என்னால் முடிந்தது இவ்வளவுதான். ஞாயிறு காலை, திடல் முழுக்கப் பனிமூட்டம். முன்வரிசையில் ஹில்மன் தரை தொடாமல் மிதக்கிறது. ஆளாளுக்குக் குனிந்து பார்த்து, "ஒரிஜினல்னா இது!" என்கிறார்கள். சுகுமாறனும் குனிந்து பார்க்கிறார். கழற்றித் திருப்பிப் பார்க்கலாம். பழைய கிளிப்புகள், உடைந்தால் வேறு கிடையாது.

மற்ற பட்டையை மாட்டிய தன் வண்டியைத் தானாகவே கழிவறைப் பக்கம் விட்டுவிட்டு, தே தாரிக் தேநீர்ப் பொட்டலத்தை உறிஞ்சியபடி மும்தாஜ் வருகிறார். உண்மை தெரிந்தவர் அவர் ஒருவர்தான். கேட்டால் சொல்லிவிடுவார். ஆனால் கேட்பதே, தனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்வதாகிவிடும்.

"மும்தாஜ்மா..."

"சொல்லுங்க பிரசிடென்ட்."

சுகுமாறன் வாய் திறந்தபடி நிற்கிறார். வாசகரே, அவருக்காக நீங்கள் போய்க் கேளுங்கள். எனக்கும் தெரிந்துகொள்ள ஆசைதான். ஆனால் கதை எழுதியவனே போய்க் கேட்டால் நன்றாகவா இருக்கும்?