இருபத்திரண்டு ஆடுகளை விட்டுவிட்ட கதை

1

இந்தக் கதையை ஏற்கெனவே ஒரு தடவை எழுதி அச்சிலும் ஏற்றிவிட்டேன். பொய்யாக எழுதினேன். அதனால்தான் மறுபடியும் உட்கார்ந்திருக்கிறேன்.

கந்தர்வக்கோட்டைக்கு மேற்கே, பெயர் சொல்ல விரும்பாத ஓர் ஊரில் நான் உபதேசியார். பெயர் செபமாலை. பங்குச்சாமி மாதத்தில் பாதி நாள் கிளைக் கோவில்களுக்குப் போய்விடுவார். அவர் இல்லாதபோது செபம் சொல்ல வைப்பதும், ஞானோபதேச வகுப்பு நடத்துவதும், கோவில் சாவிகளை இடுப்பில் முடிந்துகொண்டு திரிவதும் என் வேலை. 1961இல் கோவிலுக்கு எழுபத்தைந்து வயது நிறைந்தது. விழா மலர் போட்டார்கள். அதில் ‘நல்ல மேய்ப்பரைப் பின்பற்றிய பெண்’ என்று ஒன்றரைப் பக்கம் எழுதினேன். புயலில் தொலைந்த ஆட்டைத் தேடிப் போய், தோளில் சுமந்து வந்த அடைக்கலமேரி என்ற விதவையின் கதை. சாமியார் அதைப் பிரசங்கத்தில் வாசித்தார். பெண்கள் பக்கம் மூக்குச் சிந்தும் சத்தம் கேட்டது. எனக்கு ஒரு சால்வை போட்டார்கள்.

அதில் எழுதியது எல்லாம் நடந்ததுதான். எழுதாமல் விட்டதும் நடந்தது.

2

முதல் வாக்கியத்துக்காக மூன்று நாளாகத் தாளைப் பாழாக்குகிறேன்.

‘கருமேகங்கள் திரண்டெழுந்த அந்தக் கார்த்திகைப் பிற்பகலில், அடைக்கலமேரி என்னும் எளிய—’

இல்லை. ‘எளிய’ என்று எழுதியதுமே நான் ஓரடி உயரமாகிவிடுகிறேன்.

‘அடைக்கலமேரி ஆடு மேய்ப்பவள்.’

இது பரவாயில்லை. (மேய்ப்பவளா, மேய்ப்பவரா? என்னைவிட நாலு வயது மூத்தவர். சேரியைச் சேர்ந்தவர் என்பதால் நான் ‘வா, போ’ என்றுதான் பேசிவந்தேன். அவர் என்னை ‘வாங்க’ என்பார். இப்போது தாளில் மட்டும் ‘அவர்’ போட்டால் அதுவும் ஒரு சால்வைதான். ‘அவள்’ என்றே எழுதுகிறேன். நான் எப்படி இருந்தேன் என்பது தெரியட்டும்.)

கிணறு வெட்டப் போன இடத்தில் மண் சரிந்து அவள் புருஷன் செத்துப்போனான். ஒரே மகள் செவந்தி. புயல் வருஷத்தில் ஒன்பது வயது. பக்கத்து ஊர் உடையப்பனுடைய செம்மறிகளை அடைக்கலமேரி வாரத்துக்கு மேய்த்தாள். பிறக்கும் குட்டியில் பாதி அவளுக்கு. மொத்தம் இருபத்துமூன்று உருப்படி.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருவாள். கோவிலின் இடப்பக்கச் சிறகில், தூணுக்குப் பின்னால், சேரிக்காரர்களுக்கு என்று விட்டிருந்த இடத்தில் முழங்காலில் நிற்பாள். அங்கிருந்து பார்த்தால் பீடம் தெரியாது.

3

புயலுக்கு ஆறு மாதத்துக்கு முன் ஒரு வகுப்பில் காலண்டர் படம் ஒன்றைக் காட்டினேன். சேசுநாதர் தோளில் ஆட்டுக்குட்டியோடு வருகிற படம். நூறு ஆட்டில் ஒன்று தொலைந்ததையும், மற்றதை விட்டுவிட்டு அவர் தேடிப் போனதையும் சொன்னேன். “அடைக்கலம், ஒனக்குத்தான் இது நல்லாப் புரியும். எப்புடி இருக்கு?” என்றேன்.

“படம் போட்டவரு ஆடு மேய்க்காதவருங்க,” என்றாள். “காலை இப்புடித் தொங்க விடக்கூடாது. நாலு காலையும் முன்னால சேத்துப் பிடிக்கணும். இல்லேன்னா ஒதச்சுக்கிட்டுக் குதிச்சிரும்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

“அது கெடக்கட்டுங்க. ஒன்னத் தேடிப் போனாருல்ல, மிச்சம் தொண்ணூத்தொம்பதையும் யாருகிட்ட விட்டுட்டுப் போனாரு?”

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். “நம்பிக்கையான ஆளுககிட்டதான் விட்டுட்டுப் போயிருப்பாரு. நாமெல்லாம் எதுக்கு இருக்கோம்? சபைன்னா அதான்,” என்றேன்.

“அப்பச் சரிங்க. பாத்துக்கிற ஆளு இருந்தா தைரியமாத் தேடிப் போகலாம்,” என்றாள்.

(பதில் நன்றாக வந்துவிட்டது என்று அன்றைக்குச் சாப்பிடும்போது என் மனைவியிடம் சொல்லிக்கொண்டேன். அவள் குழம்பை ஊற்றிவிட்டுப் போனாள்.)

4

ஐம்பத்தைந்தாம் வருஷப் புயல். பங்குச்சாமி திருச்சிக்குப் போயிருந்தார். மத்தியானத்துக்கு மேல் காற்று திரும்பியது. கூரைகள் பிய்ந்து பறக்க ஆரம்பித்ததும் சனங்கள் கோவிலுக்கு ஓடிவந்தார்கள். ஊரில் அது ஒன்றுதான் சுண்ணாம்புக் கட்டடம். நான் கதவைத் திறந்துவிட்டேன். ஊரார் நடுவிலும் சேரியார் இடப்பக்கச் சிறகிலும் உட்கார்ந்தார்கள். உலகம் முடிகிற மாதிரி இருந்த நேரத்திலும் யாருக்கும் இடம் மாறவில்லை.

மூன்று மணி இருக்கும். அடைக்கலமேரி ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்து கோவில் முன்மண்டபத்தில் அடைத்தாள். செவந்தியை உள்ளே அனுப்பிவிட்டு என்னிடம் வந்தாள். தலையிலிருந்து தண்ணீர் ஒழுகியது.

“உபதேசியாரே, கருங்காதியக் காணம். சினை ஆடுங்க. முந்திரிக் கொல்லப் பக்கம் பின்தங்கிருச்சு போல. இதுக இருபத்திரண்டும் இங்கிட்டு நிக்கட்டும். நீங்க பாத்துக்கங்க. போயிட்டு வந்துர்றேன்.”

“இந்தக் காத்துலயா? ஒரு ஆடுதானே, விடு.”

என்னை விசித்திரமாகப் பார்த்தாள். நான் சொல்லிக்கொடுத்ததை நானே மறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பாள்.

“நீங்கதான் இருக்கீங்கல்ல,” என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கினாள்.

5

இந்தப் பகுதியை எழுதுவதற்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதினேன்.

முன்மண்டபத்தில் மாதா சப்பரம் நின்றது. மார்கழித் திருவிழாவுக்குப் புது வர்ணம் அடித்து, பட்டுத்துணி சுற்றி வைத்திருந்தார்கள். ஆடுகள் குளிரில் நடுங்கிக்கொண்டு அதன் சக்கரங்களுக்கு நடுவே நெருக்கின. கத்தின. மூத்திரம் பெய்தன. கோவில் பெரியதனக்காரர் மதலைமுத்து எழுந்து வந்தார்.

“செபமாலை, என்னய்யா இது? மாதா சப்பரத்துல ஆட்டு மூத்திரம் ஓடுது. கோவிலா, பட்டியா?”

“அடைக்கலம் விட்டுட்டுப் போயிருக்கு. இப்ப வந்துரும்.”

“வர்ற வரைக்கும்? நாளைக்குச் சாமி வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது? வெளிய பத்துய்யா. ஆட்டுக்கு மழை புதுசா?”

உள்ளே இருந்த நாலைந்து பேர் ஆமாம் என்றார்கள். சேரிப் பக்கத்திலிருந்து யாரும் பேசவில்லை. செவந்தி மட்டும் ஓடிவந்து, “ஆத்தா வந்துருமுங்க, ஆத்தா வந்துருமுங்க,” என்று என் வேட்டியைப் பிடித்தாள்.

‘அப்போது சுற்றுச்சுவரின் கேட் திறக்கப்பட்டது.’

இந்த வாக்கியத்தை அடிக்கிறேன். கேட் தானாகத் திறக்கவில்லை. சாவி என் இடுப்பில் இருந்தது. நான் திறந்தேன். மதலைமுத்து குடையால் தட்டினார், இரண்டு பேர் கம்பெடுத்து விரட்டினார்கள், நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பயந்துதான் செய்தேன் என்று எழுதிப் பார்த்தேன். அது உண்மையில்லை. மதலைமுத்து என்னை வேலையிலிருந்து எடுத்துவிடமாட்டார். எனக்கும் அந்த நாற்றம் பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.

செம்மறிகள் காற்றை எதிர்த்து நிற்காது. காற்றுக்கு முதுகைக் காட்டி, அது தள்ளுகிற பக்கமே போகும். காற்று கண்மாய்ப் பக்கம் தள்ளியது. கண்மாய் நிரம்பி, தண்ணீர் வழிந்தோடும் கலிங்கில் மறுகால் பாய்ந்துகொண்டிருந்தது. முதலில் ஒன்று விழுந்திருக்கும். பிறகு எல்லாம் அதன் பின்னால் போயிருக்கும். நான் பார்க்கவில்லை. நான் கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே வந்து செபம் சொல்ல வைத்தேன். நல்ல மேய்ப்பரே என்றுதான் தொடங்கினேன். சத்தமாகச் சொன்னேன்.

6

பொழுது சாய்கிற நேரத்தில் அவள் வந்தாள்.

விழா மலரில் இந்த இடத்தை நன்றாகவே எழுதியிருந்தேன். தோளில் ஆடு. நாலு காலையும் முன்னால் சேர்த்துப் பிடித்திருந்தாள். முள் கிழித்து நெற்றியில் ரத்தம். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. ‘நம் ஆண்டவரையே நேரில் கண்டாற்போல் நாங்கள் சிலிர்த்தோம்’ என்று முடித்திருந்தேன். அந்த வாக்கியத்துக்கு அப்புறம் ஒரு முற்றுப்புள்ளி. அதற்குக் கீழே ஒரு சிலுவைப் படம்.

முற்றுப்புள்ளிக்கு அப்புறம் நடந்தது இது. அவள் முன்மண்டபத்தைப் பார்த்தாள். தரை கழுவியிருந்தது. சப்பரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“எங்கங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் செவந்தி, “பத்திவிட்டாங்கத்தா,” என்று சொல்லிவிட்டாள்.

ஆட்டைத் தோளிலிருந்து இறக்கி நிறுத்தினாள். அதற்கு நிற்க முடியவில்லை, படுத்துக்கொண்டது. அவள் கண்மாய்ப் பக்கமாக ஓடினாள். சேரி ஆட்கள் சிலர் கூடப் போனார்கள். மறுநாள் பதினேழு ஆடுகள் கருவேல மரங்களில் சிக்கிக் கிடந்தன. மற்ற ஐந்தும் கிடைக்கவே இல்லை.

என்னிடம் அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. திட்டியிருந்தால் அவள் கதையை விழா மலரில் எழுதியிருக்கமாட்டேன் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். மௌனமாக இருந்ததால் அது எனக்கு வசதியாகப் போயிற்று.

7

உடையப்பன் கருங்காதியை ஓட்டிக்கொண்டு போனான். போன ஆடுகளுக்கு ஈடாகத் தாயும் மகளும் அவன் கொல்லையில் நாலு வருஷம் கூலியில்லாமல் உழைத்தார்கள். பிறகு முந்திரிக் காட்டுப் பக்கம் குடிசை போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். பங்கிலிருந்து நாங்கள் எதுவும் செய்யவில்லை. திருச்சியிலிருந்து திரும்பி வந்த சாமியார் ஆடுகளைப் பற்றி விசாரித்தார். “வெள்ளத்துல போயிருச்சு சாமி,” என்றேன். அதுவும் உண்மைதான். உண்மையை வைத்துப் பொய் சொல்ல நான் அன்றைக்கே பழகிவிட்டேன்.

(வாசகருக்கு இந்த இடத்தில் என்மேல் கோபம் வரவேண்டும். வராமல், ‘பாவம், மனசாட்சி உள்ள மனிதர், ஒப்புக்கொள்கிறாரே’ என்று தோன்றினால் நான் மறுபடியும் தவறாக எழுதியிருக்கிறேன் என்று அர்த்தம்.)

8

இது 1965. போன வாரம் செவந்தி வந்தாள். பத்தொன்பது வயது. ஆவூரில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள். அந்தப் பங்கில் பெண் வீட்டாரைப் பற்றிக் கடிதம் கேட்கிறார்களாம். எங்கள் சாமியார் புதியவர். நான் எழுதிக் கொடுப்பதில்தான் கையெழுத்துப் போடுவார். அவள் கொண்டுவந்த அச்சுத் தாளில் ஒரு கேள்வி, பதிலுக்கு ஒரு கட்டம்: ‘பெண்ணும் தாயும் தவறாமல் பூசை காண்கிறவர்களா?’

அதைச் சாக்காக வைத்து நான் முந்திரிக் காட்டுக்குப் போனேன். அடைக்கலமேரி பழத்திலிருந்து கொட்டையைத் திருகிக்கொண்டிருந்தாள். கைத்தோல் முந்திரிக்கொட்டைப் பாலில் வெந்து கறுத்திருந்தது.

“வாங்க உபதேசியாரே,” என்றாள். உட்கார ஒரு சாக்கை உதறிப் போட்டாள்.

பத்து வருஷமாக மனசுக்குள் திருத்தித் திருத்தி வைத்திருந்த வாக்கியங்கள் எனக்கு இருந்தன. ஒன்றும் வரவில்லை. “அன்னைக்கு நான்தான் கேட்டத் தெறந்தேன்,” என்றேன். முதல் தடவையாக, “நீங்க என்னை மன்னிக்கணும்,” என்றேன்.

நீங்க என்றதை அவள் கவனித்தாள். கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

“தெரியுங்க. செவந்தி சொன்னுச்சு. நீங்க எழுதுன பொஸ்தகத்தையும் படிச்சுக் காட்டுச்சு. நல்லாத்தான் இருந்துச்சு.” கொட்டையைக் கூடையில் போட்டாள். “எனக்குச் சேசுநாதரு மேல வருத்தமில்லைங்க. அவரு தேடிப் போறவரு, போயிட்டாரு. எங்களக் கொண்டாந்து ஒங்ககிட்ட விட்டுட்டுப் போனாரு பாருங்க, அதத்தான் என்னால ஆத்திக்கிட முடியல.”

பன்னிரண்டு வருஷம் ஞானோபதேசம் நடத்தியவன் நான். கடைசியில் தாளைத்தான் எடுத்தேன். “கோவிலுக்குப் போறீங்களா?” என்று கேட்டேன்.

“இல்லைங்க. அன்னைக்கப்புறம் வாசல் மிதிக்கல.”

“செபம்?”

“காலையில வாளிய எடுத்தா, ‘வாங்க, போவம்’னு சொல்லுவேன். கூட வாராரு. வேலை முடிஞ்சா, ‘வாங்க, வீட்டுக்குப் போவம்’னு சொல்லுவேன். சில நாளு அவரு முன்னால போறாரு, நான் பின்னால போறேன். வேற ஒன்னும் தெரியாதுங்க.” பிறகு என்னை நேராகப் பார்த்தாள். “பொண்ணு கலியாணம் நின்னுறப்படாதுங்க. அதுக்காக நீங்க பொய்யும் எழுத வேணாம். என் பேரு போட்டு ஒரு தடவ எழுதுனது போதும்.”

9

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் ‘ஆம்’ என்று எழுதுகிறேன். செவந்திக்குக் கலியாணம் நடக்கிறது, என் பெயரும் பத்திரிகையில் இருக்கிறது. அடைக்கலமேரி வேண்டாம் என்றதை மீறி, அவளை வைத்து இரண்டாவது பொய்.

இன்னொன்றில் ‘இல்லை’ என்று எழுதுகிறேன். நேர்மையானவன் ஆகிவிடுகிறேன். அதன் விலையையும் அவள் மகள்தான் கொடுக்கவேண்டும்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது. ‘இல்லை, ஏனென்றால் 1955இல் நான்—’ என்று தொடங்கி, எல்லாவற்றையும் என் பெயரோடு எழுதி, சாமியார் கையெழுத்துப் போடுவதற்கு முன் அவர் கையில் கொடுத்துவிடுவது. சாவியையும் சேர்த்து. அதைப் படித்தபிறகு ஆவூரில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. மதலைமுத்துவின் மகன்தான் இப்போது பெரியதனக்காரர். அவர் என்ன செய்வார் என்பது தெரியும். அந்த வாக்கியம் ‘நான்’ என்ற சொல்லோடு நிற்கிறது. நாலு நாளாக நிற்கிறது.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் செவந்தி வருகிறாள். ஆறேகாலுக்கு இறங்குவாள். தாளை மேசைமேல் விரித்து வைத்திருக்கிறேன். நீங்கள் இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள், என்னை எடை போட்டும் இருப்பீர்கள். அதே கையால் இந்தக் கட்டத்தையும் நிரப்பிப் பாருங்கள். யாருக்கும் நஷ்டமில்லாத ஒரு சொல் கிடைத்தால் ஆறு மணிக்குள் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால், நீங்களும் என்னோடு வாசலில் வந்து நின்று, அந்தப் பெண் முகத்தைப் பாருங்கள்.